'மனசு வைத்தால் செய்வான்' என்னும் குற்றச்சாட்டு

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயத்துடன் எங்களைப் போன்ற மனநல மருத்துவர்களிடம் வரும் பெரியவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. உடன் வரும் தந்தையோ மனைவியோதான் முதலில் பேசத் தொடங்குவார்கள். "டாக்டர், இவனுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. மனசு வைத்தால் செய்வான், வைக்கமாட்டேன் என்கிறான்" என்பது ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் சொல்லும் வாக்கியம். அதற்கு அவர்களிடம் ஆதாரமும் இருக்கும். மின் கட்டணத்தை மறந்து இணைப்புத் துண்டிக்கப்படும்வரை விட்டுவிடும் அதே மனிதர், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டையும் மறந்து நள்ளிரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பார். 'அதற்கு மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?' என்று வீட்டார் கேட்பதில் தர்க்கப் பிழை எதுவும் இருப்பதாகத் தோன்றாது.

மனநோய் என்றாலே நம் ஊரில் 'பைத்தியம்' என்ற முத்திரை விழும் என்று அஞ்சுகிறோம். ஏடிஎச்டி உள்ள பெரியவர்மீது விழும் முத்திரை வேறு. சோம்பேறி, பொறுப்பற்றவன், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்று அவருடைய குணத்தின்மீதே அது விழுகிறது. நோயாளி என்று ஒதுக்கப்படுபவருக்குச் சிறிது இரக்கமாவது கிடைக்கும். குணம் கெட்டவர் என்று ஒதுக்கப்படுபவருக்கு அதுவும் இல்லை. முப்பது வயதுக்குள் அவரே அந்தத் தீர்ப்பை நம்பத் தொடங்கிவிடுகிறார் என்பதுதான் இதில் கொடுமை.

பெயரில் கவனக்குறைவு என்று இருந்தாலும், இந்நிலையில் கவனமே இல்லாமல் போவதில்லை. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய வேலைமீது செலுத்தவும், முடிந்ததும் விலக்கவும், இடையில் தோன்றும் உந்துதலை அடக்கவும் உதவும் மூளையின் கட்டுப்பாட்டுச் செயல்பாடுகள் சீராக இயங்குவதில்லை. மூளையின் முன்பகுதியும், டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களும் இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் மரபுக்கு மிகப் பெரிய பங்கு இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ராட்டினம்தான் சிக்கிக்கொள்கிறது. ஆர்வமோ, புதுமையோ, தலைக்குமேல் தொங்கும் கெடுவோ இருந்தால் ராட்டினம் சுழன்றுவிடும். 'இது முக்கியமான வேலை' என்ற அறிவு மட்டும் அதைச் சுழற்றப் போதாது. இது புரியாததால், ஒருமுறை செய்து காட்டியதே 'எப்போதும் செய்ய முடியும்' என்பதற்குச் சாட்சியாக அவருக்கு எதிராகவே நிறுத்தப்படுகிறது.

இது கைப்பேசி கொண்டுவந்த புதுநோய் என்பாரும் உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட நூலிலேயே, ஒன்றில் நிலைத்து நிற்க இயலாத கவனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் 1902இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாமலே தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளை விவரித்தார். ஆனால் நெடுங்காலம் இது குழந்தைகளின் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1968ஆம் ஆண்டு நோயறிதல் கையேடு, வளரிளம் பருவத்தில் இது பெரும்பாலும் குறைந்துவிடும் என்றே சொன்னது. அதைப் படித்து வந்த மருத்துவர்களிடம்தான் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் தம் இளமையில் சென்றிருக்க முடியும். அந்தக் கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு 17 வயது நிரம்பியவர்களுக்கெனத் தனி அளவுகோலைத் தந்தது. கவனக்குறைவு, மிகையியக்கம் என்ற இரு பிரிவுகளில் ஒன்றிலாவது, ஒன்பது அறிகுறிகளில் குழந்தைகளுக்கு ஆறு வேண்டும் என்றால், பெரியவர்களுக்கு ஐந்து போதும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

'பட்டம் வாங்கி வேலைக்குப் போனவனுக்கு எப்படி இது இருக்கும்?' என்பது அடுத்த கேள்வி. நம் பள்ளி முறையை நினைத்துப் பாருங்கள். காலையில் அம்மா எழுப்புகிறார், விடுதியில் ஸ்டடி ஹவர், வாரந்தோறும் தேர்வு, தவறினால் உடனடித் தண்டனை. உள்ளே இல்லாத ஒழுங்கை வெளியிலிருந்து இவ்வளவு பேர் சேர்ந்து வழங்கும்போது நல்ல அறிவுள்ள பிள்ளை தேறிவிடுகிறது. கல்லூரியில் அரியர் விழத் தொடங்கும். தனி வீடு, வேலை, திருமணம், குழந்தை என்று மற்றவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய நாள் வரும்போதுதான் முழுமையாகச் சரிகிறது.

பெண்களிடம் இது மேலும் மறைந்திருக்கும். வகுப்பில் ஓடியாடும் பையனை ஆசிரியர் கவனிக்கிறார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் சிறுமியை 'சாது' என்று விட்டுவிடுகிறார். சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்தும் அவர், தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அணைத்த கேஸ் அடுப்பின் குமிழையும் பூட்டிய கதவையும் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்வார். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் அணைத்தோமா என்பது நினைவில் இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு. சரிபார்ப்பதை வைத்து எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்று ஒரு கட்டத்தில் கருதப்பட்டது. ஆனால் அந்நோயில் வரும், எவ்வளவு பார்த்தாலும் தீராத ஐயம் அவரிடம் இல்லை. படத்தை ஒருமுறை பார்த்தால் நிம்மதியாகிவிடுவார். உண்மையிலேயே அவர் அடுப்பை அணைக்காமல் போன நாள்களும் இருந்தன. பால் பொங்கி வழிவதற்காக மாமியாரிடம் அன்றாடம் கேட்ட பேச்சுகளும், மனச்சோர்வுக்குப் பல ஆண்டுகள் எடுத்த மாத்திரைகளும் அதன் தொடர்ச்சிதான். சோர்வு உண்மையானது, அதற்கான சிகிச்சையும் தேவையானது. ஆனால் சோர்வுக்கு அடியில் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முப்பது விநாடி ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தமக்கும் இது இருப்பதாக முடிவு செய்து வருபவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களை நான் கேலி செய்வதில்லை, ஏதோ ஒன்று வருத்தாமல் யாரும் மனநலப் பிரிவின் வாசலில் காத்திருப்பதில்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது, தைராய்டு கோளாறு, பதற்றம், மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, குடிப்பழக்கம் என எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். உலக சுகாதார அமைப்பின் ஆறு கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவம் ஐயத்தை எழுப்ப மட்டுமே பயன்படும். இந்நிலையை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. வீடு, வேலையிடம் என இரண்டு சூழல்களிலாவது தொடர்ச்சியான பாதிப்பு இருக்கிறதா என்பதையும், அது சிறு வயதிலிருந்தே வருகிறதா என்பதையும் விரிவான உரையாடலின் வழியாகத்தான் அறிய முடியும். 'எல்லாருக்கும்தான் மறதி இருக்கிறது' என்பவர்களுக்கும் இதுவே பதில்: எல்லாருக்கும் மறதி உண்டு, ஆனால் அதனால் எல்லாருக்கும் வேலை போவதில்லை.

மருந்தைப் பற்றிய அச்சம்தான் மிகக் கடினமானது. ஏடிஎச்டிக்குத் தரப்படும் ஊக்கி வகை மருந்தான மெத்தில்ஃபெனிடேட், நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான அட்டவணை எக்ஸ் பிரிவில் வருவதால், மருந்துச் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுதித் தர வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பல கடைகள் இதை வைத்திருப்பதே இல்லை. நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் கடைக்காரர் சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது, தான் ஏதோ போதைப்பொருள் கேட்டு நிற்பதுபோல் நோயாளி கூசிப்போகிறார். கட்டுப்பாடு தேவையானதே, தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய மருந்து அது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவில், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தூக்கம், பசி ஆகியவற்றைக் கண்காணித்தபடி எடுப்பவர்கள் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. ஸ்வீடனில் ஏடிஎச்டி உள்ள ஏறத்தாழ 17,000 பேரை 2006 முதல் 2009 வரை தொடர்ந்த ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களிடம் கடுமையான சாலை விபத்துகளின் அபாயம் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. பெண்களிடம் அத்தகைய தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஊக்கி வகையைச் சாராத அடோமாக்ஸெடின் என்ற மருந்தும் உண்டு, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எந்த மருந்தும் திட்டமிடும் பழக்கத்தைக் கொடுத்துவிடாது. அதற்கு உளவியல் பயிற்சி வேண்டும்.

திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் மாத்திரை அட்டையைப் பீரோவுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். 'கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பு வந்துவிடும்' என்ற பழைய வைத்தியமும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கவனத்தைக் கோரும் கடமைகள் ஒரே மாதத்தில் பல மடங்காவதைப் பொறுப்பு வரும் வழி என்று நம்புவது எனக்கு விளங்கவே இல்லை. அலுவலகத்தில் சொல்லலாமா என்பதை அவரவர் சூழல்தான் தீர்மானிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளில் ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை என்பதால், சலுகைகளைச் சட்டப்படி கோருவது எளிதன்று. அதே வேளையில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாகவே அளிக்கிறது. உங்கள் மருத்துவரிடமிருந்து மேலாளருக்குத் தகவல் போய்விடும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும் அணுகலாம். முதல் முறை வரும்போது, சிறு வயதில் உங்களை அறிந்த ஒருவரை, இயன்றால் அம்மாவை, அழைத்துவாருங்கள். பழைய ரேங்க் கார்டு இருந்தால் கொண்டுவாருங்கள். 'புத்திசாலி, ஆனால் கவனம் போதாது' என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியர் எழுதிய ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அதைத் தேடிக்கொண்டிருப்பதிலேயே வருகையை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம்.