அதிகாரமளித்தலா, வலுப்பெறுதலா?

போன மாதம் அழகர்கோயில் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் மகளிர் குழுக்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. அங்கே கொடுக்கும் கையேட்டின் தமிழைச் சரிபார்த்துத் தரச் சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். சமுதாயக் கூடத்தின் சுவரில் ‘ஊரக மகளிருக்கு அதிகாரமளித்தல் மற்றும் சுற்றுச்சூழல் ஆரோக்கியம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “ஏம்ப்பா, இந்த அதிகாரத்த எங்களுக்கு யாரு குடுக்குறாக? கலெக்டரா, நம்ம பஞ்சாயத்து கிளார்க்கா?”

கூடம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். “அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்த வரியைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி அது. அதிகாரம் என்றால் அதைக் கொடுக்க மேலே ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார்?

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இது ‘எம்பவர்மென்ட்’. வேர் ‘பவர்’; பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, அங்கே ‘இயலுதல்’ என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் இதன் வினை வடிவம் சட்டச் சொல்லாகப் புழங்கியது. ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தருவது என்று அர்த்தம். பத்திர ஆபீசில் ‘பவர் எழுதிக் குடுத்துட்டார்’ என்கிறோமே, அந்தப் பவர். 1970களுக்குப் பிறகுதான் சமூகப் பணியிலும் பெண்கள் இயக்கங்களிலும் பொருள் திரும்பியது. 1984இல் வளரும் நாடுகளின் பெண் ஆய்வாளர்கள் பெங்களூரில் கூடிப் பேசினார்கள்; 1995இல் பெய்ஜிங்கில் உலக மகளிர் மாநாடு நடந்தது; 2001ஐ இந்திய அரசு இந்தச் சொல்லின் பெயராலேயே மகளிர் ஆண்டாக அறிவித்தது. இவற்றினூடே சொல்லுக்கு வந்து சேர்ந்த பொருள் வேறு: தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்கவும், அந்த முடிவில் நிற்கவும் ஒருத்திக்கு இயலுதல். அதாவது லத்தீன் வேரின் பொருளுக்கே சொல் திரும்பிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பத்திர ஆபீசிலேயே நின்றுவிட்டார்கள்.

‘அதிகாரம்’ வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊன்றிப்போன சொல். நூலின் பகுதிக்கும் அதுதான் பெயர். குறளில் 133 அதிகாரம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேச்சில் அந்தச் சொல் எங்கே வருகிறது? ‘அதிகாரி’ என்கிறோம். ‘என்கிட்ட அதிகாரம் பண்ணாத’ என்கிறோம். ‘அதிகாரத் தோரணை’ என்கிறோம். எல்லாமே ஒருவர்மேல் ஒருவர் செலுத்துவது. இந்தியில் அப்படி இல்லை. அங்கே ‘அதிகார்’ என்றால் உரிமை. அடிப்படை உரிமையைக்கூட ‘மௌலிக் அதிகார்’ என்பார்கள். டெல்லியில் உள்ள அமைச்சகத்துக்கு இந்தியில் ‘சாமாஜிக் நியாய் அவுர் அதிகாரிதா’ என்று பெயர். தமிழில் அது ‘சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல்’ ஆனது. ஒரே ஒலி, இரண்டு மொழியில் இரண்டு பொருள். ஒலியை நம்பிக் கடன் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது ‘அளித்தல்’. என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பழந்தமிழில் ‘அளி’ என்றால் அருள், இரக்கம். குடிகள்மேல் மன்னன் காட்டுவது அளி. இன்றும் அரசாணைகளில் ‘அனுமதி அளிக்கப்படுகிறது’ என்று மேலிருந்து கீழே இறங்குவதாகவே அது வருகிறது. கொடுப்பதிலும் கேட்பதிலும் யார் மேல், யார் கீழ் என்பதை நுணுக்கமாகப் பிரித்த மொழி இது. ‘ஈ’ என்று கேட்பவன் தாழ்ந்தவன், ‘தா’ என்று கேட்பவன் ஒப்பானவன், ‘கொடு’ என்று கேட்பவன் உயர்ந்தவன் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. இத்தனை கூர்மை உள்ள மொழியில், ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த ஒரு கருத்துக்கு ‘அளித்தல்’ என்று பேர் வைக்கலாமா? ‘மகளிருக்கு’ என்று ‘கு’ சேர்த்த உடனே பெண்கள் கை நீட்டி வாங்குபவர்களாகிவிடுகிறார்கள். அந்த அம்மா வாக்கியத்தை இலக்கணப்படிதான் படித்தார்.

எழுதுகிற நண்பர்கள் சிலர் இதற்குச் சொல்லும் மறுப்பு கனமானது. ‘அதிகாரம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் வைக்கிறோம். இது அரசியல். வலு, மேம்பாடு என்றால் தையல் மெஷின் கொடுப்பதோடு முடித்துக்கொள்வார்கள்’ என்கிறார்கள். அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. காசோலையில் கையெழுத்திடுவது, கிராம சபைக்குத் தலைமை ஏற்பது எல்லாம் உண்மையான அதிகாரம். அங்கே அந்தச் சொல் பொருந்தும், தாராளமாக எழுதலாம். அப்படி இருந்தும் எத்தனை ஊரில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக் கணவர் உட்கார்ந்து பேசுகிறார்! அதிகாரம் அந்தப் பெண் தலைவர் கையில்தான் இருக்கிறது, சட்டம் கொடுத்துவிட்டது. வராமல் இருப்பது வேறொன்று. அந்த வேறொன்றுக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். அதையும் அதிகாரம் என்றே எழுதினால், இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரே பெயராகிவிடும்.

மாநில அரசு வேறு சொல்லை எடுத்தது. ஆங்கிலத்தில் எம்பவர்மென்ட் என்று வரும் துறைப் பெயர் தமிழில் ‘சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை’. அதிகாரமளித்தலைவிட இது எவ்வளவோ மேல். தலை நிமிர்ந்து நிற்கும் சொல். ஆனால் உரிமையும் சட்டத்தால் கிடைத்துவிடக் கூடியதுதான். தமிழ்நாடு 1989இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. அண்ணன் தம்பி முகம் கோணக் கூடாது, பிறந்த வீட்டு உறவு அற்றுப்போகக் கூடாது என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற அக்கா தங்கைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உரிமை இருக்கிறது. கேட்கிற தெம்பு இல்லை.

‘ஆற்றல்படுத்துதல்’ என்றும் ஒன்று உலவுகிறது. அதை எழுதத் தெரியாமல் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று போடுகிறார்கள். அது வழிகாட்டுவது, மனநல ஆலோசனைக்கு வழங்கும் சொல். அப்புறம் ‘மேம்பாடு’. பழகிய சொல்தான், மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இலிருந்து இருக்கிறது. ஆனால் சாலைக்கும் மேம்பாடு, பெண்ணுக்கும் மேம்பாடு என்றால் என்ன தெளிவு?

இலங்கைத் தமிழர் ‘வலுவூட்டல்’ என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கும். வலு என்பது எங்கள் பக்கம் மாட்டுக்கும் கயிற்றுக்கும் மனுஷிக்கும் சொல்கிற சொல். ஒரே குறை, ஊட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்தக் குறையையும் நீக்கிவிட்டால் ‘வலுப்பெறுதல்’. பெண்கள் வலுப்பெறுகிறார்கள், அவர்களே எழுவாய், அவர்களே வினையும். சரி, அரசும் தொண்டு நிறுவனமும் செய்வதை என்னவென்று சொல்வது? ‘வலுச்சேர்த்தல்’. சேர்த்தல் என்றாலே ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்புவதைத் தமிழ் தன்வினை, பிறவினை என்று பிரித்துக் காட்டும். அந்த வசதியை நாம் ஏன் விட வேண்டும்?

அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை நினைத்துப் பாருங்கள். கூலி வேலைக்குப் பெண்களைக் கூட்டிப் போய், கூலி பேசி வாங்கிக் கொடுத்தவர். ‘களஞ்சியம்’ என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களில் சேர்ந்து சிறுசேமிப்பை வளர்த்தார். 2001இல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார்; 2019இல் பத்மஸ்ரீ வந்தது. அவருக்கு யார் எந்த அதிகாரத்தை அளித்தார்கள்? விருதுகள் பின்னால் வந்தவை. வலு அதற்கு முன்பே வயலில் கூலி பேசும்போதே இருந்தது. ‘களஞ்சியம்’ என்ற பெயரையும் கவனியுங்கள். தானியம் சேர்த்து வைக்கிற இடம். எந்தப் பெண்ணும் அதற்கு விளக்கம் கேட்டிருக்க மாட்டாள்.

பயிற்சியன்று மதியம் ஒரு குழுவின் செயலாளர் தீர்மான நோட்டில் எழுதியதை எனக்குக் காட்டினார். ‘டேங்க் கழுவி மூணு மாசம் ஆச்சு. திங்கக்கிழமை எல்லாரும் சேர்ந்து போய்க் கேக்கணும்.’ பேனரில் இருந்த எந்தச் சொல்லும் அதில் இல்லை. பேனர் சொல்ல வந்த விஷயம் முழுக்க அதில் இருந்தது.

அந்த டேங்கைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசவில்லை. அதற்கும் மொழிபெயர்ப்புதான் காரணம். பேனரின் இரண்டாவது பாதி, ‘சுற்றுச்சூழல் ஆரோக்கியம்’. மூலத்தில் அது ஒரு துறையின் பெயர்: தண்ணீர், காற்று, கழிவு, கொசு இவையெல்லாம் மனித உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது. தமிழில் அதைப் படித்தால் மண்ணின் ஆரோக்கியம், மரத்தின் ஆரோக்கியம் என்பதுபோல, சூழலே ஆரோக்கியமாக இருப்பதாகத்தான் தோன்றும். பயிற்சியாளருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. மரம் நடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, ஆளுக்கொரு புங்கன் கன்று கொடுத்தார். மரம் நல்லதுதான். ஆனால் விறகடுப்புப் புகையில் இருமுகிற பெண்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்துத் திறந்தே வைத்தால், அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும் என்று ஒரு வார்த்தை இல்லை. தவறான சொல் ஒரு நாள் பயிற்சியையே வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டது.

இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. ‘சுற்றுப்புறச் சுகாதாரம்’ என்று முன்பே எழுதியிருக்கிறார்கள். சுகாதாரம் வடமொழி என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். சுகம், ஆதாரம், இரண்டுமே அப்படித்தான். ‘நல்வாழ்வு’ அழகான சொல், அரசுத் துறைக்கே அந்தப் பெயர் இருக்கிறது. இருந்தாலும் இந்த இடத்தில் நான் தூய்மையைவிடத் தெளிவின் பக்கம்தான் நிற்பேன். பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இலேயே சட்டம் போட்ட மாகாணம் இது. ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, சுகாதார ஆய்வாளர் யார் என்று எந்தக் கிராமத்திலும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்த சொல்லை விட்டுவிட்டு ஆரோக்கியத்தை எதற்குக் கூட்டி வர வேண்டும்? அதுவும் வடமொழிதானே.

இடையில் வரும் ‘மற்றும்’ இன்னொரு தொல்லை. தமிழில் இரண்டைச் சேர்க்க ‘உம்’ போதும். ‘அண்ணன் மற்றும் தம்பி வந்தார்கள்’ என்று யார் வீட்டில் பேசுகிறோம்?

கையேட்டின் அட்டையில் பழைய தலைப்பை அடித்துவிட்டு ‘ஊரகப் பெண்கள் வலுப்பெறுதலும் சுற்றுப்புறச் சுகாதாரமும்’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபைலில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அடிக்க முடியும் என்றார்கள். ஃபைலில் இருப்பது ஆங்கிலம். அதன் தமிழ் எது என்பதைத்தானே என்னைக் கேட்டீர்கள் என்றேன். அடுத்த பயிற்சி மேலூர்ப் பக்கம். பேனர் இன்னும் அடிக்கக் கொடுக்கவில்லையாம்.