எந்த வில்லியம் உங்கள் வில்லியம்?

இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவருக்கு 1837 ஜூலை 1 வரை வழி பெரும்பாலும் தார்ச்சாலைதான். அன்றிலிருந்துதான் அங்கே பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிகிறது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தகப்பனார் பெயரும் தொழிலும் இருக்கும். அதற்கும் முன்னால் போக தேவாலயப் பதிவேடுதான் கதி.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் போட்ட உத்தரவால் வந்தது அந்தப் பதிவேடு. ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியில், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுத வேண்டும். பதிவாவது ஞானஸ்நானத் தேதியே, பிறந்த தேதி அல்ல. குழந்தைக்கு இரண்டு வயதான பிறகும் ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். 1598-ல் எல்லாவற்றையும் தோல்தாளில் பிரதி எடுக்கச் சொன்னார்கள்; ‘குறிப்பாக 1558 முதல்’ என்று ஒரு வாசகமும் சேர்த்தார்கள். பல குருமார் அதைப் பிடித்துக்கொண்டு பழைய 20 ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். ஏராளமான பதிவேடுகள் 1558-ல் தொடங்குவது இதனால்தான். ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு நகல் அனுப்பும் வழக்கமும் அப்போதுதான் நிலைபெற்றது. மூலம் எலிக்கும் ஈரத்துக்கும் போன ஊர்களில் அந்த நகல்தான் கைகொடுக்கும். மூலம் இருந்தாலும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருப்பதுண்டு.

தேடல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். 1851 மார்ச் 30 மக்கள்தொகைக் கணக்கில் உங்கள் வில்லியமுக்கு வயது 58 என்றும், பிறந்த பாரிஷ் இன்னது என்றும் இருக்கிறது. (1841 கணக்கை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.) அப்படியானால் பிறப்பு 1792 அல்லது 1793. வயதைச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு என்பதால் 1788 முதல் 1797 வரை புரட்டுகிறீர்கள். ஒரே குடும்பப்பெயரோடு இரண்டு வில்லியம் வருகிறார்கள். ஒருவர் ஜானின் மகன், இன்னொருவர் தாமஸின் மகன்.

ஆண்டு நெருங்கி வருகிறவரை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. முதல் வேலை, இருவரில் யாராவது சிறுவயதிலேயே இறந்தாரா என்று அடக்கப் பதிவேட்டில் தேடுவது. 1813-க்கு முன் அடக்கப் பதிவில் வயது பெரும்பாலும் இராது. ஆனால் ‘ஜானின் மகன் வில்லியம்’ என்று தகப்பன் பெயரோடு இருந்தால் அநேகமாகச் சிறுபிள்ளைதான். அடுத்து, அதே பெற்றோருக்குப் பிறகு இன்னொரு வில்லியம் பிறந்தானா என்று பாருங்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சகஜம். மிஞ்சியவர்தான் உங்கள் ஆள் என்று அப்போதும் முடிவுகட்ட வேண்டாம். பக்கத்து பாரிஷ்களிலும் இதே பெயர் உண்டா என்று பார்க்க வேண்டும். ஜானின் உயிலில் ‘என் மகன் வில்லியம்’ என்று ஒரு வரி கிடைத்தால் அது பத்து ஊகத்துக்குச் சமம். 1858-க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களின் கட்டுகளில் இருக்கும்.

1752-க்கு முன்னால் போனால் காலண்டரே காலை வாரும். அதுவரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். பதிவேட்டில் 1723 மே மாதம் கல்யாணம், 1723 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1724. ஒன்பது மாதம் சரியாக இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் எத்தனை பாட்டிமார் வீண்பழி சுமந்தார்களோ!

பெயர்களும் ஏமாற்றும். லத்தீனில் எழுதிய பழைய பதிவுகளில் குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஜாக்கோபஸ் என்றால் ஜேம்ஸாகவும் இருக்கலாம், ஜேக்கபாகவும் இருக்கலாம். இணைய அட்டவணை வழிகாட்டிப் பலகை மட்டுமே, மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றுமே கிடைக்காத காலங்களும் உண்டு. 1640-களின் உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரை பல ஊர்களில் பதிவேடு ஓட்டையாகத்தான் இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த வரிக்குப் பயந்தும் சிலர் பதியாமல் விட்டிருக்கலாம். அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் சேராத, பாப்டிஸ்ட் போன்ற தனிச்சபைக் குடும்பங்களின் ஞானஸ்நானம் ஊர்த் தேவாலயத்தில் இராது. ஆனால் 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் சட்டப்படி மணக்க முடியும். ஆகவே கல்யாணத்தை அங்கே தேடுங்கள். பதிவு கிடைக்காவிட்டால் ஓலை வாசித்த புத்தகத்தை, அதாவது கல்யாணத்துக்கு முன் தேவாலயத்தில் அதை அறிவித்த பதிவை, கேளுங்கள். பெண்ணின் ஊர் அதில் இருக்கலாம்.

அடக்கப் பதிவே இல்லாமல் மறைந்துபோன இளைஞன் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்திருக்கவும் கூடும். சென்னைக் கோட்டைக்குள் 1680-ல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயத்துக்கும் பதிவேடுகள் உண்டு. மதராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பிய ஞானஸ்நான, கல்யாண, அடக்க நகல்கள் 1698 முதல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவன் மதராஸில் செத்திருந்தாலும் தேட வேண்டிய இடம் லண்டன்தான்.