ஒன்டாரியோ ஏரியில் பனிக்காலம்: சிறிய பாய்மரப் படகை எங்கே, எப்படி வைப்பது?

டொராண்டோ படகுக் கழகங்களில் அக்டோபர் கடைசியில் ஒரு வார இறுதி முழுக்கக் கிரேன் சத்தம்தான். கோடையெல்லாம் ஏரியில் மிதந்த பாய்மரப் படகுகளை ஒவ்வொன்றாகப் பட்டை கட்டித் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தரையில் இறக்குவார்கள். ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் வரை அவற்றின் இருப்பு நிலத்தில்தான். தமிழர் நிறையப் பேர் வசிக்கும் ஸ்கார்பரோவில், ஏரிக்கரை மண்குன்றுகளின் அடியில் இருக்கும் புளஃபர்ஸ் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் போனவர்கள், வெள்ளைத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் இந்தப் படகு வரிசைகளைப் பார்த்திருப்பார்கள்.

இத்தனைக்கும் ஒன்டாரியோ ஏரி முழுதாக உறைவது மிக அரிது. அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். அவ்வளவு தண்ணீர் கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தை ஒரே குளிர்காலத்தில் இழந்துவிடாது. உறைவதெல்லாம் ஆழம் குறைந்த, காற்றும் அலையும் எட்டாத ஒதுக்குப்புறங்கள். படகுத்துறையைக் கட்டுவது அப்படிப்பட்ட இடங்களில்தான் என்பது படகுக்காரர்களின் தலையெழுத்து.

உதாரணத்துக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஷார்க் 24 இந்த ஏரிக்காகவே பிறந்தது. ஆஸ்திரியாவிலிருந்து கனடாவுக்கு வந்த ஜார்ஜ் ஹின்டர்ஹோலர் 1959-இல் வடிவமைத்தார். நீளம் 7.3 மீட்டர், அகலம் 2.08 மீட்டர், எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அதில் 300 கிலோ சொச்சம், படகின் வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கீல். பாய் காற்றில் சாயும்போது படகைக் கவிழவிடாமல் பிடிப்பது அந்தக் கனம்தான். கரைக்கு வந்தபின் படகை எதன்மேல் நிறுத்துவது என்ற தலைவலியைக் கொடுப்பதும் அதுவே.

முதலில் குளிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஃபைபர் கிளாஸுக்கு மைனஸ் 20 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. தண்ணீருக்குத்தான் பொருட்டு. உறையும்போது தண்ணீரின் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. விரிய இடம் இருந்தால் சிக்கல் இல்லை. நாலு பக்கமும் அடைபட்டிருந்தால், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் அழுத்தம் ஏறக்குறைய 135 வளிமண்டல அளவு ஏறலாம். மைனஸ் 5 டிகிரியிலேயே கணக்கு 600-ஐத் தாண்டிவிடும். வார்ப்பிரும்பு இன்ஜின் பிளாக்கே பிளக்கும்போது பிளாஸ்டிக் குழாய் எம்மாத்திரம்?

ஆகவே படகுக்காரரின் அக்டோபர் வேலை, தண்ணீர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் குழாய், இன்ஜினைக் குளிர்விக்கும் பாதை எல்லாம் எல்லாருக்கும் நினைவு வரும். மறந்துபோவது சுக்கான். பார்வைக்கு ஒரே கட்டையாகத் தெரிந்தாலும், பல படகுகளில் அது இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகளை ஒட்டி நடுவே நுரை அடைத்த பொருள். ஓடுகள் சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் ஒன்று போதும், கோடை முழுக்க நுரை தண்ணீர் குடிக்கும். டிசம்பரில் உறைந்து விரியும்போது விளிம்பு இன்னும் கொஞ்சம் திறக்கும். அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் குடிக்கும். பழைய படகு வைத்திருப்பவர்கள் சுக்கானின் அடி விளிம்பில் துளைக்கருவியால் சின்னதாக ஒரு துளை போட்டு விட்டுவிடுவார்கள். சிலவற்றில் பழுப்பு நிறத் தண்ணீர் நாள்கணக்கில் சொட்டும். வசந்தத்தில் துளையை எபாக்ஸி என்ற இறுகும் பசை வைத்து அடைத்துவிடலாம். ஷார்க்கில் சுக்கான் படகின் பின்சுவரில் வெளியே மாட்டியிருப்பதால் இன்னும் சுலபம்: கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் கராஜ் சுவரில் தொங்கவிட்டால் தீர்ந்தது.

மேல்தளமும் இதே கதைதான். இரண்டு ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டிய தளங்கள் உண்டு. ஒரு போல்ட் ஓட்டையில் சீலன்ட் கிழிந்து தண்ணீர் இறங்கினால் பால்சா ஊறி, உறைந்து, தகட்டை விட்டுப் பிரியும். தென் ஒன்டாரியோவின் குளிரில் இன்னொரு தொல்லை, அது பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருப்பது. ஒரே குளிர்காலத்தில் பலமுறை உறைந்து பலமுறை இளகும். ஒவ்வொரு இளகலிலும் தண்ணீர் புது விரிசலுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு உறைதலும் அதை அகலமாக்குகிறது. மாறாமல் மைனஸ் 15-இல் கிடக்கும் படகு இதைவிட நிம்மதியாக இருக்கும்.

அதனால்தான், சூடேற்றிய கொட்டகைதான் சிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. அங்கே வைத்தால் உறைதல் பயம் இல்லை, உண்மை. ஆனால் குளிர்காலத்தில் சூடேற்றிய காற்று எலும்புவரை உலர்ந்தது. மரவேலை நிறைந்த படகில் பலகை சுருங்கி இணைப்புகள் விட்டுக்கொள்ளும். வாடகையும் எகிறும். எபாக்ஸி வேலை இருந்தால் மட்டும் அந்தச் செலவு நியாயம், ஏனென்றால் சாதாரண எபாக்ஸி 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. மற்றபடி ஒரு ஃபைபர் கிளாஸ் படகுக்கு வேண்டியதெல்லாம் மேலே கூரை, சுற்றிலும் காற்று. சூடில்லாத பண்ணைக் கொட்டகை கிடைத்தால் விடாதீர்கள். எலி இருக்கும். பாய்களையும் மெத்தைகளையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் அவற்றுள் ஒரு குடும்பமே இருக்கும்.

தண்ணீரிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு, முக்கியமாகப் படகிலேயே குடியிருப்பவர்கள். அதற்கு ஓர் அழகான இயற்பியல் துணை நிற்கிறது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியானது. அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலே மிதக்கும்; ஆகவே பனி மேலிருந்து உருவாகும், அடியில் 4 டிகிரிக்கு அருகில் இருக்கும் நீர் தேங்கும். படகுக்கு அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழிகளை விட்டால், அவை மேலேறும்போது அந்த அடிநீரையும் இழுத்து வரும். படகைச் சுற்றி ஒரு வளையம் உறையாமல் நிற்கும். கடலில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது. உப்பு அதிகமான நீர் உறைநிலை வரை கனத்துக்கொண்டே போகும், அடியில் மிதமான நீரைச் சேர்த்துவைக்காது. ஆனால் குமிழிக்கு மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பரில் டொராண்டோவை முடக்கிய பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஷார்க் போன்ற சின்னப் படகுக்கு இந்த ஆபத்தை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

நிலத்தில் நிறுத்துவதில் மூன்று வழி: இரும்புத் தாங்கி ஜாக்குகள், அந்தப் படகின் வடிவத்துக்கே செய்த தொட்டில், டிரெய்லர். எதுவானாலும் ஒரு விதி மாறாது. எடையைச் சுமக்க வேண்டியது கீல். அதன் அடியில் தடித்த மரக்கட்டைகள் அடுக்கி, படகின் பெரும்பாரத்தை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். பக்கவாட்டு ஜாக்குகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. அவற்றை அளவுக்கு மீறி முறுக்கினால் படகின் மெல்லிய ஓடு உள்ளே குழிந்துவிடும். உள்ளே தடுப்புச்சுவர் இருக்கும் இடம் பார்த்து முட்டுக்கொடுப்பது அதனால்தான். எதிரெதிர் ஜாக்குகளைப் படகுக்கு அடியில் சங்கிலியால் பிணைக்காவிட்டால் அவை மெல்ல மெல்ல வெளியே நழுவும்.

தரையும் சும்மா இருக்காது. ஈரமான வண்டல் மண் உறையும்போது கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி, மண்ணுக்குள் பனித் தகடுகளை அடுக்கிக்கொண்டே போகும். மேல்மண் சில சென்டிமீட்டர் எழும்பும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. ஒரு ஜாக் உயர்ந்து எதிர் ஜாக் அப்படியே நின்றால் பாரம் இடம் மாறுகிறது. மார்ச்சில் பனி இளகும்போது மண் சேறாகி, ஜாக் கால்கள் புதைய ஆரம்பிக்கும். படகுகள் விழுவதற்கு ஏற்ற காலம் அதுதான். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பிளைவுட் பலகை போட்டால் அழுத்தம் பரவும். சரளைக் கல் தரை என்றால் இன்னும் நல்லது. தார்ப்பாய்க் கயிற்றை ஜாக்கில் கட்டவே கூடாது. காற்று தார்ப்பாயை அடிக்க அடிக்கக் கயிறு ஜாக்கைச் சுண்டிக்கொண்டே இருக்கும். ஒரே இரவில் ஜாக் கழன்றுவிடலாம்.

பாய்மரத்தைக் கழற்ற வேண்டுமா? சோம்பல் பட்டு நிறுத்தியே வைப்பவர்கள் பலர். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குத் தரும் அழுத்தம் சுமார் 500 நியூட்டன். 9 மீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரம் என்றால் ஏறக்குறைய 45 கிலோ விசை, தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் தள்ளுகிறது. மிதமான காற்றிலும், மரத்தைச் சுற்றி மாறி மாறிப் பிரியும் சுழல்கள் அதை அதிரவைக்கும். அந்த அதிர்வு ஜாக் திருகுகள் வரை இறங்கும். ஷார்க்கின் மரத்தை இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறக்கிவிடலாம். இறக்குங்கள்.

மூடுவதற்கு வருவோம். தட்டையாகப் போர்த்திய தார்ப்பாய், போர்த்தாமல் விட்டதைவிட மோசம். மழையில் நனைந்து கனத்த பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ இருக்கலாம். அது 20 சென்டிமீட்டர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 60 கிலோ. ஷார்க்கின் மேல்தளம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். 600 கிலோ, படகின் எடையில் பாதிக்கும் மேல். கூரைபோலச் செங்குத்தான சட்டம் கட்டி, பனி தானே வழுக்கி விழும்படி விடுவதுதான் ஒரே வழி. இரண்டு முனைகளையும் திறந்து வையுங்கள். பகலில் வெயில் தார்ப்பாய்க்குள் ஈரத்தை ஆவியாக்கும், இரவில் அது தார்ப்பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து படகின்மேலேயே சொட்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் ஏப்ரலில் பூஞ்சணம் வரவேற்கும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களைத் திறந்த படகில் வைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒன்டாரியோ மாகாணத்தின் காற்றையே உலர்த்தக் கிளம்பியிருக்கிறார்கள்.

இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் சுருக்கமாக. பின்சுவரில் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் தானே வடியும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. குழாய்களுக்கு, உறைவதைத் தடுக்கும் இளஞ்சிவப்புத் திரவமான ஆன்டிஃபிரீஸ் ஊற்றும்போது, புட்டியில் இருக்கும் மைனஸ் 50 என்ற எண்ணை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். அது குழாய் வெடிக்காது என்பதற்கான எண். கூழாக உறைவது அதற்கு வெகு முன்பே தொடங்கும், மிச்சத் தண்ணீர் கலந்தால் இன்னும் முன்னதாக. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி மைனஸ் 60 வரை உறையாது. சார்ஜ் தீர்ந்ததில் அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து வெடிக்கும்.

கடைசியாகப் பயணம். படகை வேறு ஊரில் வைப்பதா, வீட்டு முற்றத்துக்கே கொண்டுவருவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அகலம். ஒன்டாரியோ சாலையில் அனுமதி இல்லாமல் போகக்கூடிய உச்ச அகலம் 2.6 மீட்டர். ஷார்க் தாராளமாகப் போகும். கிட்டத்தட்ட அதே நீளமுள்ள ஜே/24 படகின் அகலம் 2.72 மீட்டர், தனி அனுமதி தேவை. எடையிலும் ஒரு கோடு உண்டு: சுமையோடு சேர்த்து 1,360 கிலோவை எட்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஷார்க்கும் டிரெய்லரும் சேர்ந்தால் அந்தக் கோடு தாண்டிவிடும்.

சட்டத்தைவிட முக்கியமானது பாரம் எங்கே உட்காருகிறது என்பது. மொத்த எடையின் மையம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால், சின்ன ஆட்டம் தானே அடங்கும். பின்னால் போனால் ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை இன்னும் குறையும். அதனால் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் காரின் இணைப்புக் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 1,500 கிலோவுக்கு 150 கிலோ. இப்போது 25 கிலோ மோட்டாரைப் பின்சுவரிலேயே மாட்டிவிட்டுப் புறப்பட்டால் என்ன ஆகும்? அச்சிலிருந்து கொக்கி 5 மீட்டர் முன்னால், மோட்டார் 3.5 மீட்டர் பின்னால் என்றால், கொக்கியின் பாரம் 17 கிலோவுக்கு மேல் குறையும். நங்கூரம், சங்கிலி, கருவிப்பெட்டி எல்லாம் பின்பக்க அறையில் திணித்திருந்தால் 150 எப்போது 100 ஆனது என்று தெரியாது. மோட்டார் காருக்குள் வரட்டும். நெடுஞ்சாலையில் ஆட்டம் தொடங்கினால் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். கால் எடுத்து வேகம் தானாகத் தணியவிடுங்கள்.

சாய்தளத்தில் டிரெய்லரையே தண்ணீருக்குள் இறக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய சக்கர நடுமூட்டு குளிர்ந்த ஏரியில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் அடைப்பைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் குளிர்காலம் முழுக்க பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். இறக்குமுன் கொஞ்சம் ஆறவிடுங்கள். இலையுதிர் காலத்திலேயே கிரீஸ் மாற்றிவிடுங்கள்.

என் தேர்வு கேட்டால்: ஷார்க் அளவுப் படகுக்குச் சொந்த டிரெய்லர், இறக்கிய பாய்மரம், செங்குத்துச் சட்டத்தின் மேல் தார்ப்பாய், கொட்டகை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிரேன் கூலி இரண்டு முறை எப்படியும் உண்டு, ஆனால் ஜாக்குகள் சேற்றில் இறங்குகின்றனவா என்று மார்ச்சில் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. புறப்பட்ட பின் முதல் 20 கிலோமீட்டருக்குள் ஒருமுறை ஓரம் கட்டுங்கள். அதற்குள் படகு தாங்கிகளில் ஒழுங்காகப் படிந்திருக்கும், பட்டைகள் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். அப்படியே ஒவ்வொரு சக்கர நடுமூட்டுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த பேரிங் மாற்றாமல் மேற்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.