கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை

2022 ஏப்ரல் 11, திங்கட்கிழமை. சித்திரைப் பிறப்புக்கு இன்னும் மூன்று நாள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பூஜைச் சாமான் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆயாவோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளமான இடத்தில் சாலை முழுக்கத் தண்ணீர். கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்து வண்டியை விட்டேன். பாதியில் என்ஜின் நின்றது. கொஞ்ச நேரத்தில் வண்டியின் பின்பக்கம் தானாகவே மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்றுபோன என்ஜினின் சாவியைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். அப்புறம் போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன். யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் காலடி விரிப்பை நனைத்துக்கொண்டிருந்தது. பின் இருக்கையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது: "கண்ணாடி! கண்ணாடி இறக்கு தம்பி!"

நான்கு தலைமுறையாக டர்பனில் இருக்கும் குடும்பம் அவருடையது. என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்றைக்குத் தமிழ் வந்தது. நான் கண்ணாடியை இறக்கினேன். வண்டி ஒரு வேலியில் போய்ச் சாய்ந்து நின்றதும், மேட்டில் நின்றிருந்த இரண்டு பையன்கள் ஆயாவை ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தார்கள். அடுத்து நான்.

அந்த இரவிலும் மறுநாளிலும் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2015 டிசம்பர் 1 சென்னை மழையைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கும் மேல் இறந்தார்கள். நாங்கள் பிழைத்தோம். ஆனால் அந்தச் சில நொடிகளில் நான் ஏன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்ற கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை. "கையும் ஓடல, காலும் ஓடல" என்று நம் ஊரில் சொல்வதை மிகைப்படுத்திய பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், உடம்பில் நடப்பதை அப்படியே சொல்கிற வாக்கியம் அது.

ஆபத்து வந்தால் உடம்பு சண்டை போடும் அல்லது ஓடும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு முன்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது: உறைவது. ஒரு சோதனையில், மிக நுண்ணிய அசைவையும் அளக்கும் தட்டின் மேல் ஆட்களை நிற்க வைத்துக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். நின்றவர்களின் உடல் ஆட்டம் குறைந்தது, இதயத் துடிப்பும் இறங்கியது. வெறும் படத்துக்கே இப்படி. மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி அபாயத்தை மோப்பம் பிடித்ததும் நடுமூளைக்குத் தகவல் போகிறது, தசைகள் இறுகி நிற்கின்றன. புலியைக் கண்ட மான் அசையாமல் நிற்பது இதே ஏற்பாடுதான். அசைந்தால் கண்ணில் படும். அசையாமல் நின்றால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்க்க ஒரு கணம் கிடைக்கும். காட்டில் நல்ல உத்தி. காருக்குள் ஏறும் தண்ணீர் உங்களைக் கண்ணால் தேடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

இது முதல் கணத்தின் கதை. அந்தக் கணம் ஏன் நீள்கிறது என்பதற்கு ஜான் லீச் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் கொடுத்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. கப்பல் விபத்து, விமான விபத்து, தீ என்று பேரிடர்களில் மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தை அவர் ஆராய்ந்தார். அவர் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் நிதானமாக யோசித்துச் செயல்படுகிறார்கள். இன்னொரு பத்துப் பதினைந்து பேர் கத்திக் கதறித் தங்களுக்கே கேடு செய்துகொள்கிறார்கள். மிச்சமுள்ள முக்கால்வாசிப் பேர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். 1994-இல் பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். சிலர் தப்ப முயலாமல் அப்படியே நின்றிருந்ததைப் பார்த்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

லீச்சின் விளக்கம் நேரத்தைப் பற்றியது. முன்பே பழகிய செயல் என்றால் கை நொடியில் சிறு பங்குக்குள் கிளம்பிவிடும். தெரிந்த இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒன்றிரண்டு நொடி ஆகும். ஆனால் மனதுக்குள் எந்த வழியுமே இல்லை, புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும் என்றால், அமைதியான சூழலிலேயே குறைந்தது எட்டிலிருந்து பத்து நொடி. பயத்தில் இன்னும் கூடும். நாம் ஒரு வேலை செய்யும்போது நாலைந்து விஷயங்களை மட்டும் நிறுத்தி வைக்கிற ஒரு சின்னத் திண்ணை மனதுக்குள் இருக்கிறது. பயத்தில் சுரக்கும் வேதிப்பொருள்கள், திட்டமிடும் முன்மூளையின் வேலையை மங்கச் செய்கின்றன. திண்ணை இன்னும் குறுகிப்போகிறது. வேறு வழி அகப்படாதபோது மனம் பழைய பழக்கத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறது. கார் நின்றால் சாவியைத் திருப்பு. சந்தேகமாக இருந்தால் போனைப் பார். என் கை செய்தது அதைத்தான்.

ஆயாவுக்கு மட்டும் எப்படி வந்தது? அவர் பிறந்தது கரைவலைக் குடும்பத்தில். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய தமிழ் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்தவர்கள். தண்ணீர் எழும்போது அடைபட்ட இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் யோசித்துக் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

இந்த ஊர் மீனவர்களைப் பேச ஆரம்பித்தால் 1917-க்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி உம்கேனி ஆறு கரை உடைத்துக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளத்தில் புகுந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்து, காலம் முடிந்தபின் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த இந்தியக் குடும்பங்கள் ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த இடம் அது. நூற்றுக்கணக்கானவர்களை ஆறு கொண்டுபோனது. அப்போது கரைவலைக்காரர்கள் ஆறு பேர் தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கினார்கள். 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 'படவத்தான் அறுவர்' என்று டர்பன் அவர்களை இன்றும் நினைவு வைத்திருக்கிறது. தலைமை தாங்கியவர் மாரிமுத்து படவத்தான். படகைப் 'படவு' என்றும் சொல்கிற மொழியில் அந்தப் பெயரைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். பெயருக்கு வேறு பொருள் இருந்தால் மொழி தெரிந்தவர்கள் மன்னிக்கட்டும்.

அவர்கள் இறங்கிய தண்ணீரின் பலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். ஓடும் நீரின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. வேகமாக ஓடினால் முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். இதில் துடுப்புப் போட்டு ஆற்றோடு மல்லுக்கட்டி ஜெயிக்க யாராலும் ஆகாது. ஆற்றைக் கடக்கிறவர்கள் படகின் முன்முனையான அணியத்தைக் கொஞ்சம் சாய்வாக, நீர் வரும் திசையைப் பார்த்து வைப்பார்கள். அப்போது ஓட்டமே படகின் பக்கத்தில் மோதி அதைக் குறுக்கே தள்ளிவிடும். துடுப்பின் வேலை அந்தச் சாய்வைக் காப்பாற்றுவதுதான். கூரை, மரம், பாறை எதுவானாலும் அதன் பின்பக்கம் தண்ணீர் எதிர்த்திசையில் சுழன்று ஓர் ஒதுக்கம் உண்டாகும். படகை நிறுத்தி மூச்சு வாங்க அதுதான் இடம். வேலியும் முறிந்த மரமும் வேறு ரகம். தண்ணீர் அவற்றின் ஊடே போய்விடும், மனிதன் போக மாட்டான், சல்லடையில் சிக்கிய மாதிரி அழுந்தி நிற்பான். வெள்ளத்தில் பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அலையிலும் கழிமுகத்திலும் வருடக்கணக்காகக் கிடந்த கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீயணைப்புக் குழுத் தலைவர்களிடம் போய், எரிகிற வீட்டின் முன்னால் எப்படி முடிவு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு வழிகளையாவது எடை போட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். நாங்கள் முடிவே எடுப்பதில்லை என்றார்கள் அவர்கள்! பார்த்ததும் இது இன்ன மாதிரித் தீ என்று தெரிகிறது, செய்ய வேண்டியது கூடவே வந்துவிடுகிறது. மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரிப்பட்டால் இறங்கிவிடுகிறார்கள். சமயோசிதம் என்று நாம் வியக்கிற விஷயத்தில் பெரும்பங்கு முன்பே பார்த்ததை அடையாளம் காண்பதுதான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: ஆபத்தில் நேரமே மெதுவாக ஓடுகிறதே, யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைக்குமே? எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. வைப்பர் ஒருமுறை போய்வர ஒரு யுகம் ஆனது. டேவிட் ஈகிள்மன் குழு இதைச் சோதித்து 2007-இல் வெளியிட்டது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து கயிறு எதுவும் இல்லாமல் மல்லாக்க வலையில் விழவிட்டார்கள். மணிக்கட்டில் ஒரு கருவி. சாதாரணமாகப் படிக்க முடியாத வேகத்தில் அதில் எண்கள் மின்னும். நேரம் உண்மையிலேயே மெதுவானால் விழும்போது அந்த எண்களைப் படிக்க முடிய வேண்டும். முடியவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று கேட்டால், மற்றவர்கள் விழுந்ததை மதிப்பிட்டதைவிட 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது, திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் ஒரு நொடிகூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

காருக்குத் திரும்புவோம், ஏனென்றால் இங்கே நொடிக்கணக்கு கறாரானது. சராசரிக் கார் 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் என்று வையுங்கள். அடித்தட்டு நனைந்தபின் தண்ணீர் 10 செ.மீ. ஏறினாலே 600 கிலோவுக்கு மேல் தூக்குவிசை. 20 செ.மீ. ஏறினால் 1,200 கிலோ வண்டி மிதக்கப் பார்க்கும், டயருக்குத் தரையில் பிடிப்பு போய்விடும். சாலையில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். கதவோ, அதன் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால் அரை டன் அழுத்தத்தில் மூடிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்து அழுத்தம் சமமாகும் வரை காத்திருந்து கதவைத் திறக்கலாம் என்று ஒரு பழைய அறிவுரை உலவுகிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் ஆட்களை உட்கார வைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்து, அந்த அறிவுரை ஆளைக் கொல்லும் என்று காட்டினார். கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடம்தான் நமக்கு. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, வெளியே போ, பிள்ளைகள் முதலில். மின்சாரக் கண்ணாடி பெரும்பாலும் அந்த நேரம் வரை வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடிக்கு மேல் ஏறி அழுத்த ஆரம்பித்தால் இறங்காது.

தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்கள் கார் என்றதும் வெள்ளத்துக்கு முன் நினைப்பது துப்பாக்கி முனையில் வண்டி பறிப்பவர்களைத்தான். அங்கேயும் இதே மூளைதான். துப்பாக்கி தெரிந்ததும் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிடித்திருந்தவன் முகம் பிறகு நினைவுக்கு வராது. எலிசபெத் லாஃப்டஸ் 1987-இல் பார்வை அசைவுகளை அளந்தே இதைக் காட்டினார். இங்கே எல்லோரும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: கை இரண்டும் தெரியும்படி வை, திடீரென்று அசையாதே, வண்டியைக் கொடுத்துவிடு, பின்னால் குழந்தை இருந்தால் வாய்விட்டுச் சொல். என் நண்பர் வீட்டில் இதைப் பிள்ளைகளோடு வாசலில் நாடகம் போல நடத்திப் பார்த்திருக்கிறார்கள். கேட்டபோது மனசு கசந்தது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி. வன்முறையில் கத்தக்கூட முடியாமல் உறைந்து போனவர்களிடம் "ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்கிறவர்கள் மட்டும், அசைவை அளக்கும் அந்தச் சோதனைத் தட்டின் மேல் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

பிழைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கண்ணை மூடினால் காட்சி திரும்பத் திரும்ப வரும். ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் சிக்கி மருத்துவமனைக்கு வந்த 71 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பகுதியினரை அந்தக் காட்சியைச் சுருக்கமாக நினைத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். கட்டங்கள் மேலிருந்து விழுமே, அதே விளையாட்டு. அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு வந்த வேண்டாத காட்சிகள் மற்றவர்களுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. நினைவு இறுகுவதற்கு முன் மூளையின் காட்சிப் பகுதிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். இது மருந்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மனம் காயத்தை எப்படிச் சேமிக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று நான் பார்த்ததில்லை. ஆயா அன்றிரவு என்ன செய்தார் என்று கேட்டேன். ஈரமாகிப் போன பூஜைச் சாமானை எல்லாம் பிரித்து, துடைத்து, தரையில் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாராம், விடியும் வரை.

இப்போது மழை நாட்களில் ஆயா காரில் ஏறியதும், பெல்ட் போடுவதற்கு முன்னால் கண்ணாடிப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நான் கவனிக்காதது போல முன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன். என் விரலும் அப்போது என் பக்கத்துப் பொத்தானின் மேல்தான் இருக்கும்.