அடீனியம்: முதல் பூவைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

நெல்லைச் சீமை வெயில், அடி பருத்த பூச்செடியான அடீனியத்துக்கு நன்றாக ஒத்துவரும். சொந்தமாக விதை போட்டுப் புது ரகம் எடுக்க நினைப்பது நல்ல முயற்சிதான். முதல் பூ விரிந்ததும் பெயர் வைத்து ஒட்டுக்கன்று விற்பதுதான் தவறு. வாங்கியவர் வீட்டில் அந்த நிறம் வராமலே போகலாம்.

முதல் வேலை மகரந்தச் சேர்க்கை. பூவின் குழலை ஒரு பக்கமாகக் கிழித்தால், மகரந்தப்பைகள் ஐந்தும் ஒட்டி நிற்கும் கூம்பு தெரியும். மகரந்தம் இருப்பது கூம்புக்குள் மேல்பக்கம். அதை ஏற்கும் இடம் அதற்குக் கீழே. மேலோடு தடவினால் காய் பிடிக்காதது இதனால்தான். மெல்லிய தூரிகை நுனியில் தந்தைச் செடியின் மகரந்தத்தை எடுத்து, தாய்ச் செடிப் பூவின் கூம்பு இடுக்கு வழியே அடிப்பக்கம் செலுத்துங்கள்.

பிடித்தால் இரட்டைக் கொம்பாகக் காய் நீளும். முற்ற 2, 3 மாதம் ஆகும். விதையின் இரு முனையிலும் பஞ்சு உண்டு. ஆடிக் காற்றில் காய் வெடித்தால் ஒன்றும் மிஞ்சாது, முன்கூட்டியே நூலால் கட்டிவிடுங்கள்.

விதையைப் புதிதாகவே விதையுங்கள். 2 பங்கு ஆற்றுமணலுக்கு 1 பங்கு தென்னைநார்க் கழிவு போதும். ஒரு வாரத்தில் முளைக்கும். ஈரம் தேங்கினால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். தாய், தந்தைப் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை நம் வெயிலில் வெளுத்துவிடும்.

ஒரே காயின் நாற்றுகள்கூட ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பெரும்பாலானவை ஏற்கெனவே பார்த்த இளஞ்சிவப்பாகவே வரும். அவற்றைக் கழிக்க மனம் வேண்டும். மிஞ்சியவற்றை ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்கலவையில், தெரிந்த ரகம் ஒன்றின் பக்கத்தில் வைத்து ஒரு முழு ஆண்டாவது பாருங்கள். இளஞ்செடியின் முதல் பூவில் இருந்த அளவும் அடுக்கும் நிறமும் அடுத்த பூப்பில் மாறலாம். சித்திரை வெயிலில் அடர்சிவப்பு இதழின் ஓரம் கருகுகிறதா? ஆடிக் காற்றுக்கு மொட்டு உதிர்கிறதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்குப் பூ நீர் கோத்து அழுகுகிறதா, அடிக்கிழங்கு மெத்தென்று ஆகிறதா? உப்பு ஏறிய போர் தண்ணீருக்கு இலை நுனி காய்கிறதா? மாதாமாதம் குறித்து வையுங்கள்.

தேறிய செடியிலிருந்து ஐந்து ஒட்டாவது கட்டிப் பாருங்கள். ஐந்திலும் அதே பூ வந்தால்தான் அது ரகம். வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. கையுறை போடுங்கள், கழித்த கிளைகளை ஆடு மாடு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் விற்பனையில் அவசரம் வேண்டாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே இந்தியாவில் விற்கப்பட்ட செடியைப் புது ரகமாகப் பதிய முடியாது. அந்தச் செடியினம் அரசு அறிவித்த பட்டியலில் உள்ளதா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.