தொலைக்கல்வியில் மூலிகை மருத்துவம்: காசு கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, மருந்து கேட்டு வருபவை அல்ல. "டொக்டர், மகளுக்கு இசட் புள்ளி காணாது. ஒன்லைனில் மூலிகை மருத்துவம் படிக்கலாம் என்று விளம்பரம் பார்த்தோம். ஆறு மாதத்தில் டிப்ளோமா தருவார்களாம். முடித்துவிட்டு வீட்டிலேயே கிளினிக் போடலாம்தானே?" வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் கேள்வி ஏறக்குறைய இதேதான். பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறார்கள். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

பதில் இதுதான்: படிக்கலாம், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நோயாளிக்கு மருந்து கொடுக்க முடியாது.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வைத்தியம் செய்ய வேண்டுமானால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது பதிவுக்கு ஈடாகாது. சித்த மருத்துவப் பட்டம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இருக்கிறது; கற்பிக்கும் இடம் கைதடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. ஆயுர்வேதமும் யுனானியும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்காக இராஜகிரியவில் நடக்கின்றன. ஐந்து வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இவற்றுக்கான வெட்டுப்புள்ளி எம்.பி.பி.எஸ். வெட்டுப்புள்ளியைவிடக் குறைவு, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். மருத்துவபீடம் கிடைக்காது என்று தெரிந்தவுடன் மனம் உடைந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சித்த மருத்துவத்தைக் குறிப்பிடாமலே விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கொழும்பில் இருப்பவர்கள் பார்க்கும் விளம்பரங்களில் நிறைய தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கேயும் நிலைமை இதுதான். மருத்துவம், தாதியியல், மருந்தாளர் படிப்பு போன்றவற்றைத் தொலைமுறையில் பட்டமாகக் கொடுக்க இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் இடம்கொடுப்பதில்லை. எனவே யாராவது தபால் வழியிலோ ஒன்லைனிலோ சித்த வைத்தியர் பட்டம் தருவதாகச் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதைச் சொல்லும்போது தொலைக்கல்வியையே நான் மட்டம் தட்டுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே படித்துப் பட்டம் பெற்றவர்கள் அங்கே ஏராளம். தாதியியல் பட்டமும் அங்கே இருக்கிறது. அதில் சேர்பவர்கள் ஏற்கெனவே வார்டில் நின்று வேலை பழகிய, பதிவுபெற்ற தாதியர். ஊசி போடத் தெரிந்த கைக்கு மேலதிக அறிவைத் தூரத்திலிருந்து கொடுக்கலாம். ஆனால் கைப்பழக்கத்தையே தூரத்திலிருந்து கொடுக்க முடியாது. மூலிகை மருத்துவத்தில் கைப்பழக்கம் எவ்வளவு என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் ஓரிரு விஷயங்களை விரிவாகவே சொல்கிறேன்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். காமாலைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த செடி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மதிலோரம் தானாக முளைத்து நிற்கும். பாடப்புத்தகப் படத்தில் பார்த்தால் மிகச் சுலபம்: சிறிய இலைகள், இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய்கள். நேரில் போனால் அதே மதிலோரத்தில் அதே குடும்பத்துச் செடிகள் இரண்டு மூன்று கலந்து நிற்கும். கிளையைத் திருப்பிப் பிடித்துக் காயைப் பார்க்க வேண்டும். கீழாநெல்லியின் காய் வழவழப்பானது, சின்னக் காம்பில் தொங்கும். அதன் கூடப்பிறப்புப் போல நிற்கும் இன்னொன்றில் காய் சொரசொரவென்று, காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். தண்டிலும் சிவப்பு ஓடியிருக்கும். விரல் நுனியில் காயை உருட்டிப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் மறக்காது. திரையில் பார்த்தவருக்குச் சந்தேகம் தீராது.

சரி, செடியைச் சரியாகப் பிடுங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கண் மஞ்சளாக ஒருவர் முன்னால் வந்து உட்காருகிறார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்துவிடலாமா? கைதடியில் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்கள் மருந்தின் பெயரையே எடுக்கவிடமாட்டார்கள். முதலில் கேள். மலம் வெளுத்துப் போகிறதா? உடம்பெல்லாம் அரித்துச் சொறிந்த தடம் இருக்கிறதா? அப்படியானால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் ஒரு சொட்டு மருந்தும் இல்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, அண்மையில் வெள்ளத்துக்குள் இறங்கினாரா? களனி ஆறு பெருகும்போது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஏறும். பிறகு வரும் காமாலை எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்தையும் அடித்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சலுக்குப் பனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கினாரா? அதுவும் ஈரலைக் கெடுக்கும். மஞ்சள் கண் என்பது ஒரு குறி. அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வைத்தியம். அந்தத் தேடலை ஒரு மாணவர் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று செய்யும்போது, தவறிய இடத்தில் திருத்த ஒரு ஆசிரியர் பின்னால் நிற்க வேண்டும். இதை வீடியோப் பாடம் செய்யாது.

சித்தத்தில் எட்டு வகைத் தேர்வு என்று படிக்கிறோம்: நாடி, தொடுகை, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர். நாடியும் தொடுகையும் கமராவில் இல்லவே இல்லை. நாக்கும் நிறமும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் அறை விளக்கு மஞ்சளாக இருந்தால் நாக்கும் மஞ்சளாகத் தெரியும். சில போன்கள் தோலைத் தாமாகவே வெளுப்பாக்கியும் காட்டும்.

மருந்து செய்வதும் அப்படித்தான். தைலம் காய்ச்சும்போது கல்கம், அதாவது அதில் போடும் அரைத்த மூலிகை விழுது, மெழுகுபதத்தில் இருக்கிறதா, மணற்பதத்துக்குப் போய்விட்டதா என்பதை விரலால் உருட்டித்தான் பார்க்க வேண்டும். திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடவென்று பொரியாமல் எரிய வேண்டும். பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இதில் பிழைத்தால் எண்ணெய்தான் கெடும். நாபிக்கிழங்கு, எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நேர்வாளம் போன்றவற்றின் சுத்தியில், அதாவது நஞ்சைப் போக்கும் முறையில், தவறினால் ஆளே போய்விடுவார். நாபியிலும் எட்டியிலும் இருப்பவை கொல்லும் நஞ்சுகள். சேராங்கொட்டையின் பால் பட்ட இடம் கொப்பளித்துப் புண்ணாகும். வேலியில் அழகாகப் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் இறந்திருக்கிறார்கள். சுத்தி முறைகளைப் பிடிஎஃப் ஆக அனுப்பி, "வீட்டில் செய்து பாருங்கள்" என்று சொல்லும் பாடநெறியை நான் மன்னிக்கமாட்டேன்.

படித்தவர்கள் கையிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகை மாத்திரை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கும் மேல். சேர்க்க வேண்டிய சீன வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்து வேர் கலந்திருந்தது. காய்ந்து நறுக்கிய வேரை வெறும் கண்ணால் பிரித்தறிவது அவ்வளவு கடினம். பிற்காலத்தில் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம்முடைய ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டலோக்கியா பேரினம்தான். பழைய ஏடுகளில் அவற்றுக்கு நல்ல பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று படிப்பிப்பவர் இந்தச் சிறுநீரகக் கதையையும் சேர்த்தே படிப்பிக்க வேண்டும். ஒரு பாடநெறியின் தரத்தை அறிய வேண்டுமா? "ஈசுரமூலிப் பாடத்தில் சிறுநீரகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று சேருமுன் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் காசைக் கட்ட வேண்டாம்.

என் கிளினிக்குக்கு வந்த ஓர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடமாகச் சுகர். சொந்தத்தில் ஒரு பிள்ளை ஏதோ ஒன்லைன் மூலிகைப் படிப்பு முடித்திருந்தது. நல்ல மனதோடுதான், தினமும் வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு குடிக்கச் சொல்லியிருக்கிறது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் தெரியுமே, அந்தப் பழம். ஐயா வந்தபோது கால் வீங்கியிருந்தது, சிறுநீர் குறைந்திருந்தது, விக்கல் நிற்கவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தப் பழத்தில் ஒக்சலேட் அதிகம். சுகரால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு அது தாங்காது. மூளையைப் பாதிக்கும் ஒரு நச்சும் அதில் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பு அதை வெளியேற்றாது. விக்கல் அதன் அடையாளங்களில் ஒன்று. அந்தப் பிள்ளை படித்த பாடத்தில் பழத்தின் நற்குணங்கள் மட்டும் இருந்தன. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பகுதி இல்லை. பிள்ளையை நான் குற்றம் சொல்லவில்லை. எச்சரிக்கை இல்லாத பாடத்தை விற்றவர்களைத்தான் குற்றம் சொல்கிறேன்.

இதேபோல அதிமதுரத்தை நெடுநாள் எடுத்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பாவற்காய்ச் சாற்றைச் சுகர்க் குளிசையோடு சேர்த்துக் குடித்தால் சிலருக்குச் சுகர் அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். கொழும்பில் ஐம்பது வயது தாண்டியவர்களின் வீட்டில் குளிசைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. அதனால் மூலிகை படிப்பவர் ஆங்கில மருந்தையும் கொஞ்சம் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் தொலைக்கல்வியில் மூலிகை படித்து என்ன பயன்? நிறைய உண்டு. தாவரக் குடும்பங்கள், தாவரவியல் பெயர்கள், ஒரு வேரில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது, அறுவடைக் காலம், உலர்த்தும் முறை, வைத்திய வரலாறு எல்லாவற்றையும் வீட்டில் இருந்தே நன்றாகக் கற்கலாம். மூலிகை ஏற்றுமதி செய்பவர், தோட்டம் போடுபவர், பாமசியில் நிற்பவர், சத்துணவு ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர் எல்லோருக்கும் அது உதவும். வீட்டில் அம்மாவுக்கு வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுக்கும்போது ஏன் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். ஏற்கெனவே பட்டம் பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கும் தொலைவழிக் குறுங்கற்கைகள் தேவைதான். நானும் படிக்கிறேன்.

அப்புறம், திரையில் படிப்பதோடு நிற்காதீர்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில் கேபோஸ் லேனுக்குப் போனால் மருந்துச் சரக்குக் கடைகள் இருக்கின்றன. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போய், நன்னாரி வேரையும் மரமஞ்சளையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி முகர்ந்து பாருங்கள், உடைத்துப் பாருங்கள். நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேராதனைப் பூங்காவுக்கு ஒருநாள் பயணம் போனால் மூலிகைப் பகுதியில் நின்று குறிப்பெடுக்கலாம். பிடுங்கிய செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்தி, இடமும் திகதியும் எழுதி வையுங்கள். தெரிந்த ஒரு வைத்தியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். என்னிடம் கொண்டுவந்தால் நான் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வேன்.

காசு கட்டுமுன் கேட்க இன்னும் சில கேள்விகள். படிப்பிப்பவர் பதிவுபெற்ற வைத்தியரா, பதிவிலக்கம் என்ன? நேரடி வகுப்பு எத்தனை நாள், எந்த இடத்தில்? பரீட்சை இருக்கிறதா, அல்லது காசு கட்டினாலே சான்றிதழா? முடித்தபின் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுத்தில் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாக எழுத்தில் பதில் தருபவரிடம் நீங்கள் தைரியமாகச் சேரலாம். வட்ஸ்அப்பில் "இன்றைக்கு மட்டும் பாதி விலை" என்று அவசரப்படுத்துபவரிடம் வேண்டாம்.

ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை, படித்தது வீணும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து "தங்கச்சி, நீ மூலிகை படித்தாய்தானே, என் முழங்காலுக்கு ஒன்று சொல்லு" என்று கேட்பார். அப்போது அவர் என்னென்ன குளிசை எடுக்கிறார், சிறுநீரகம், ஈரல் சோதனை கடைசியாக எப்போது செய்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளோடு பதிவுபெற்ற ஒரு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். பொரளை ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் போகலாம். நோயாளி அப்படி ஒரு தாளோடு வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.