நாற்று மிதந்த அந்தப் பத்து நிமிடம்

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. வீடு தஞ்சாவூர் டவுனில்தான். சுற்றிலும் வயல், ஆனால் அவன் கால் சேற்றில் பட்டதில்லை. காலாண்டு விடுமுறைக்குத் திருவையாறு பக்கம் எங்கள் ஊருக்கு வந்தவன், "நானும் நடவுக்கு வர்றேன் மாமா" என்றான். சரி, வா என்று கூட்டிப்போனேன்.

அவன் நட்ட நாற்றெல்லாம் கழன்று மிதந்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்மா, "விரலோட சேத்து அழுத்திட்டு விடு தம்பி, ரொம்ப ஆழம் போவாத" என்றார். மறுபடி மிதந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு குத்து நிமிர்ந்து நின்றது. பயல் ஏதோ கோப்பை வாங்கியவன் மாதிரிச் சிரித்தான்.

அந்த நொடியில் அவன் மூளையில் டோபமைன் பொங்கியிருக்கும். அதை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்லிச் சொல்லியே அதன் அருமையைக் கெடுத்துவிட்டோம். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வரவேண்டிய நேரத்தில் துடிப்பு அடங்கியது. ஆக, அவை அளப்பது இன்பத்தை அல்ல. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 1997இல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மாண்டேகுவும் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். நமக்கு டிகிரி காபியை வைத்தே புரியும்: தினமும் குடிப்பவருக்கு டபரா சத்தம் கேட்டதுமே பாதி சந்தோஷம் வந்துவிடுகிறது, பால் திரிந்துவிட்டால்தான் காபி என்று ஒன்று இருப்பதே உறைக்கிறது.

பையனுக்கு நடவில் எதுவுமே பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு குத்தும் ஒரு வித்தியாசம், ஒவ்வொரு வித்தியாசமும் ஒரு பாடம். விரலைத் திருத்தும் வேலை சிறுமூளையுடையது. நம் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. பிழை வரவர அது அடுத்த அசைவைக் கொஞ்சம் மாற்றும். மதியத்துக்குள் அவன் விரலைப் பார்க்காமலே நட்டான், வரிசைதான் கோணல்.

இந்த வயதில் வெகுமதிக்குத் துள்ளும் பகுதி வேகமாக வேலை செய்கிறது. நிறுத்தி யோசிக்கவைக்கும் நெற்றிப் பகுதியோ இருபதுகளில்தான் முழுதாக முதிர்கிறது. கூட்டாளிகள் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் கூடுதலாக ஆபத்தை நாடினார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நடவு முடிந்து வாய்க்கால் மதகிலிருந்து குதிக்கலாமா என்று இவன் கேட்டது, தெருப் பையன்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்த பிறகுதான். கூடாது என்றேன். நெற்றிப் பகுதியைக் கொஞ்ச நேரம் இரவல் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தெரிந்தவர் வீட்டில் தவில். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழியைக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஒரே இரைச்சல்; நாய் எழுந்து போய்விட்டது. திரும்பி வந்த கையோடு தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அதற்கும் காரணம் உண்டு. அர்ஜென்டினாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டி, அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ இதுவரை பார்த்திராத அறிவியல் அல்லது இசை வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கதை நன்றாக நினைவில் நின்றது. நான்கு மணி நேர இடைவெளி விட்டபோது பலன் இல்லை. 2013இல் வெளியான ஆய்வு இது. புதுமை மூளையில் தூண்டிவிடும், நினைவை நிலைக்கவைக்கும் புரதங்களை, அதே நேரத்தில் பதிந்த மற்ற நினைவும் பங்கு போட்டுக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஒரே ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மறுநாள் காலை, குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே செய்யுளை ஒப்பித்தான். மூன்றாவது அடியில் தட்டியது. விரல் மட்டும் திண்ணையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.